ஏழாம் குழாயில் முப்பத்தொரு டிகிரி

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு, மனிதகுலம் குளிர்காலத்தை வென்றது. கில்பானா மலைச் சுரங்கத்தின் மூன்றாம் குவியலுக்கு முன்னால் இருக்கும் வெண்கலப் பலகையில் இப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். தோற்றுப்போன செய்தியைக் குளிர்காலத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் அது காற்றைக் கிளப்பி, விருந்தினர்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் பொலிவியா பக்கம் போட்டுவிட்டது. அதைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதலாமா என்று நிர்வாகத்தில் இரண்டு நாள் யோசித்தார்கள்.

என் பெயர் எவரிஸ்தோ. குவியலின் உள்வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. குவியலில் பன்னிரண்டு இடங்களில் அகலமான குழாய்களைச் செங்குத்தாக இறக்கியிருப்பார்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றுக்குள்ளும் கயிற்றில் கட்டிய வெப்பமானியை அடிவரை விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். கையுறையோடு பென்சில் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் குவியலும் பார்வைக்குப் பெரிய சமாச்சாரம் இல்லை. உடைத்த தாதுக்கல்லை எட்டு மீட்டர் உயரத்துக்குக் கொட்டி மேலே சமப்படுத்தியிருக்கும். மேலிருந்து அமிலத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். கல்லில் இருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டு அடியில் நீலப்பச்சையாக வழியும். அதை ஆலைக்குக் கொண்டுபோய்த் தகடு தகடாகச் செம்பை எடுப்பார்கள். ஆனால் எங்கள் கல்லுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு நீளமான லத்தீன் பெயர் உண்டு. நாங்கள் பூச்சி என்போம். பூச்சி கல்லைத் தின்னும், தின்னும்போது சூடு விடும், அந்தச் சூட்டில் இன்னும் வேகமாகத் தின்னும். கதகதப்பாக இருந்தால் வேலை செய்யும், குளிர்ந்தால் தூங்கிவிடும். குளிரிலும் வேலை செய்வதுபோல் பாவனை காட்டுவது அதற்குத் தெரியாது. அந்த வகையில் எங்கள் முகாமிலேயே நேர்மையான ஆட்கள் அவைதான்.

எங்கள் பக்கத்தில் நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில் அதிகாலைக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டுக்குப் போகும். அந்தக் குளிரில் பூச்சிகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் நிக்கானோர் வில்கா. சொட்டுக்குழாய் ஆட்கள் பதினொரு பேருக்கு அவர் மேஸ்திரி. அத்தனை பேரும் அவருடைய ஊர்க்காரர்கள், மலைநாட்டுப் பூர்வகுடிகளான ஐமாரா ஆட்கள். நான் ஒருவன்தான் கீழே கடற்கரையிலிருந்து, இக்கிக்கேயிலிருந்து வந்தவன். அவருடைய கடைசி மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

குளிர் தொடங்குமுன்பே நிக்கானோர் சொட்டுக்குழாய்களை ஒரு முழ ஆழத்துக்குக் கல்லுக்கடியில் புதைத்துவிடுவார். குவியலின் மூச்சு ஈரமாக மேலே வந்து உறைந்து, ஒரு சாண் கனத்துக்குப் பனிக்கட்டி மூடிவிடும். தெரியாதவன் பார்த்தால் குவியல் செத்துவிட்டது என்பான். மேலே பனிக்கட்டி, கீழே பதினான்கு டிகிரி. காற்றையும் குளிரையும் உள்ளே விடாமல் அந்தப் பனிக்கட்டியே குவியலைப் போர்த்திக்கொண்டிருக்கும். பனி விழும் நாளில் நிக்கானோர் அதன்மேல் குனிந்து கையால் தட்டிப் பார்ப்பார், தூங்குகிற பிள்ளையின் போர்வையைச் சரிசெய்கிறமாதிரி.

அந்த வருஷம் ஜூன் மாதம் சந்தியாகோவில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. போன குளிர்காலத்தில் குவியல் ஐந்து டிகிரிக்கு இறங்கி ஆறு மாதம் செம்பே தரவில்லை. ஆகவே இந்த ஆகஸ்டில் ஏழாம் குழாயின் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இருந்தால் மூன்றாம் குவியல் மூடப்படும், சொட்டுக்குழாய்ப் பிரிவு கலைக்கப்படும். ஏன் ஏழாம் குழாய்? சந்தியாகோவில் யாரோ வரைபடத்தில் பேனாவை வைத்த இடம் அது.

கடிதத்தை நான்தான் உணவுக்கூடத்தில் படித்துக் காட்டினேன். பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஊரில் ஆண்கள் வேலைக்குப் போக மூன்றாம் குவியலைத் தவிர வேறு இடம் இல்லை.

"பத்துதானே?" என்றார் நிக்கானோர். "நம்மகிட்ட பதினாலு இருக்கு. கையை வைக்காம இருந்தாலே போதும்."

கையை வைக்காமல் இருப்பதைப்போலக் கடினமான காரியம் நிர்வாகத்துக்கு வேறு இல்லை.

எங்கள் சுரங்கத்தின் தலைமைப் பொறியாளர் பல்தசார் உகார்த்தே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேசும்போது மட்டும் யாரோ படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. உணவுக்கூடத்தில் உப்பைக் கேட்பதாக இருந்தாலும் தொலைவில் இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். கடிதம் வந்த மறுவாரமே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குவியல் பத்துக்கு மேல் இருப்பதை நோட்டில் எழுதி அனுப்பினால் அது வெறும் தகவல். அதையே சுரங்கத்துறைத் துணை அமைச்சரும் கம்பெனித் தலைவரும் நேரில் வந்து, கம்பளம் விரித்த மேடையில் நின்று, தேசிய கீதத்துக்குப் பிறகு அளந்து பார்த்தால் அது சரித்திரம்.

சரித்திரத்துக்கான ஏற்பாடுகள் ஆகஸ்ட் முதல் தேதியே ஆரம்பித்தன. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பூமித்தாய்க்குப் படையல் போடுவது வழக்கம். குழி தோண்டி கொக்கா இலை, இனிப்பு, லாமாக் கொழுப்பு எல்லாம் வைத்து, சாராயம் ஊற்றி, இந்த வருஷமும் எங்களைப் பொறுத்துக்கொள் என்று கேட்பார்கள். இதுவரை அதை நிக்கானோரும் அவருடைய ஆட்களும் ஓரமாகப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். இந்த முறை நிர்வாகமே நடத்தியது. குழிக்குப் பாதுகாப்புத் துறை சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டியது. படையலில் பங்கெடுப்பவர்கள் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும். முகாமுக்குள் மது கூடாது என்பது விதி, விதியில் பூமித்தாய்க்கு விலக்கு இல்லை. ஆகவே குழியில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றினார்கள்.

நிக்கானோர் காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "சர்க்கரை சேர்க்காததுன்னு போட்டிருக்கு," என்று மெதுவாகச் சொன்னார்.

நாலாம் தேதி உகார்த்தே மேடை போடும் இடத்தைப் பார்க்க வந்தார். ஏழாம் குழாய் குவியலின் முன்பக்கம், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. அவர் பூட்ஸ் காலால் தரையைத் தட்டினார்.

"இது என்ன?"

"ஐஸ், இஞ்சினியர்," என்றார் நிக்கானோர்.

"ஐஸ்னு தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"சும்மா படுத்திருக்கு."

உகார்த்தே மலையைப் பார்த்தார். "தோன் நிக்கானோர், நாம குளிரை ஜெயிச்சுட்டோம்னு சொல்லப் போறோம். துணை அமைச்சர் அம்மா ஐஸ் மேல நின்னுக்கிட்டு அதைக் கேட்டா எப்படி இருக்கும்?"

"வழுக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சுரண்டி எடுத்துடுங்க."

"இஞ்சினியர், இதுதான் குவியலோட போன்சோ, மேல போட்டுக்கிற கம்பளி. உள்ள இருக்கிற சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறதே இதுதான். இந்த மாசத்துல போன்சோவை உருவினா மனுஷனே தாங்க மாட்டான்."

"முழுசா எடுக்கச் சொல்லலியே. முன்பக்கம் மட்டும். ஒரு அறுபது மீட்டர்."

"குளிர் முன்பக்கமா வராதுங்களா?"

பின்னால் நின்ற ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டு இருமினான். உகார்த்தேயின் முகம் சிவந்தது. உத்தரவை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார், அனுப்பியும்விட்டார். மூன்று பிரதிகள்.

பதினொரு பேரும் ஒரு நாள் முழுக்க இரும்புக் கம்பியால் பனிக்கட்டியைப் பெயர்த்தார்கள். யாரும் பாட்டுப் பாடவில்லை. பெயர்த்த இடத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்து போய்க்கொண்டே இருந்தது. நிக்கானோர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "போகுது பாரு, கொம்பாத்ரே," என்றார். "ஒரு வருஷமா சேர்த்தது."

ஆறாம் தேதி காலையில் ஏழாம் குழாய் பன்னிரண்டைக் காட்டியது. அன்று சாயந்திரமே நிக்கானோரின் ஆட்கள் தங்கள் கட்டில்களிலிருந்து கம்பளிகளை உருவிக்கொண்டுவந்து, சுரண்டிய இடத்தில் வரிசையாக விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். அன்றைக்கு நாங்கள் பூட்ஸோடும் கோட்டோடும் படுத்தோம். காலையில் உகார்த்தே படமெடுப்பவரோடு வந்தார்.

"என்ன இது, துணி காயப்போட்டிருக்கீங்களா?"

"குவியலுக்குக் குளிருதுங்க," என்றார் நிக்கானோர்.

"இதைப் பேப்பர்ல போட்டா நாடே சிரிக்கும். எடுங்க, எடுங்க."

எடுத்தார்கள். ஏழாம் தேதி பத்து புள்ளி இரண்டு. எட்டாம் தேதி எட்டு புள்ளி மூன்று.

அந்த எண்ணை எழுதும்போது என் பென்சில் இரண்டு முறை கீழே விழுந்தது. மற்ற பதினொரு குழாய்களும் பதினான்கிலேயே இருந்தன. குவியல் உயிரோடு இருந்தது, குளிர்ந்துபோனது சரித்திரத்துக்கான இடம் மட்டும்தான். நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உகார்த்தேயின் அறைக்குப் போனேன். சுவர் நிறைய சான்றிதழ்கள். அவர் மறுநாள் பேச்சைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டை வாங்கிப் பார்த்தவர் உட்கார்ந்தார்.

"மத்த குழாய்?"

"எல்லாம் பதினாலு, சார். நாலாம் குழாயில அளந்தா என்ன சார்? பக்கத்துலதான் இருக்கு."

"கடிதத்துல ஏழுன்னு இருக்கு."

"ஏழுன்னு நாமளே எழுதி நாலுல ஒட்டிடலாம் சார்."

ஒரு நிமிஷம் அவர் அதை உண்மையிலேயே யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "மேடை போட்டாச்சு. கம்பளத்துக்கு ஆணி அடிச்சாச்சு. நாளைக்கு அது பத்துக்கு மேல இருக்கும், எவரிஸ்தோ."

"எப்படி சார்?"

"மனஉறுதி."

தேநீர்க் கோப்பையை எடுத்தார். அது எப்போதோ ஆறிப்போனது. அதைக் கவனிக்காமலே முழுக்கக் குடித்தார். அவருக்கும் பயம் இருக்கிறது என்று அப்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மதியம் உணவுக்கூடத்தில் காலாபுர்க்கா, லாமா இறைச்சி போட்ட சூடான குழம்பு. நிக்கானோர் கிண்ணத்தைத் தொடவே இல்லை. எண்ணைச் சொன்னேன். கடைசியில் ஒருவன், "சர்க்கரை சேர்க்காததை ஊத்தினா பூமித்தாய் என்ன பண்ணுவா, பாவம்," என்றான்.

"பூச்சிங்க நல்லாத்தான் இருக்கு," என்றார் நிக்கானோர். "நான் கல்லைக் கையில எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருக்கு. ஆனா கடுதாசிக்குக் கை கிடையாதே, கொம்பாத்ரே." அவருடைய ஆட்கள் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஊரில் போய் யார் வீட்டில் முதலில் சொல்வது என்று கணக்குப் போடுவதுபோல இருந்தது. அந்தப் பார்வையைப் பார்த்தபிறகுதான் நான் முடிவு செய்தேன்.

ஒன்பதாம் தேதி காலை ஆறரைக்கு, உணவுக்கூடம் திறப்பதற்கு முன்பே, சமையலறைப் பின்கதவைத் தட்டினேன். சமையல்கார அம்மாள் செனோபியா பெரிய கெட்டிலை அடுப்பில் வைத்திருந்தாள். என் கையில் வெந்நீர்ப் பை, போன கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி எல்லாருக்கும் கொடுத்தது. மேலே கம்பெனிச் சின்னம், கீழே 'கதகதப்பான குடும்பம்'. இந்த உயரத்தில் வெந்நீர்ப் பை இல்லாமல் யாரும் படுப்பதில்லை. ஆனால் காலையில் அதை நிரப்பச் சொல்லி யாரும் வருவதும் இல்லை.

"வயித்து வலி," என்றேன்.

"ஆமா ராசா, ஆமா," என்றாள். பையை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். "மூடியைத் திருகிக்க. முதல் ஆள் நீதான் இன்னிக்கு."

இதை நான் அப்போது கவனிக்கவில்லை. பையைக் கோட்டுக்குள் வலதுபக்கமாகச் செருகிக்கொண்டு குவியலுக்கு ஏறினேன். கால் மணி நேர ஏற்றம், காற்று முகத்தை அறுத்தது. வழியில் எங்கோ சொட்டுக்குழாய் பீய்ச்சியிருக்க வேண்டும், வலது கால்சட்டை தொடையிலிருந்து முட்டிவரை நனைந்து, மேலே போய்ச் சேர்வதற்குள் பலகைபோல விறைத்துவிட்டது. அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. பையை நூலில் கட்டி ஏழாம் குழாயின் அடிவரை இறக்கினேன். விழாவுக்குச் சற்று முன்னால் இழுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். மேலே நின்ற நூலைக் குழாயின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, வழக்கம்போல மற்ற குழாய்களை அளக்கப் பின்பக்கம் போனேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் மேடையைச் சுற்றிக் காவலர்கள். இஞ்சினியரின் உத்தரவு, யாரும் கிட்டே போகக்கூடாது. என் பை உள்ளேயே இருந்தது. ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பை வெந்நீர், எட்டு டிகிரிக் குழாய். எப்படியும் பதினொன்று, பன்னிரண்டு காட்டும். அடக்கமான, மரியாதையான எண்.

பத்தரை மணிக்கு வண்டிகள் வந்தன. துணை அமைச்சர் அம்மாள் சிவப்புக் கோட்டில் இறங்கினார். கம்பெனித் தலைவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர் வாய் மட்டும் அசைந்தது. என் கால்சட்டை மடங்க மறுத்ததால் நான் கடைசிவரை விறைப்பாகவே நின்றேன். அந்தப் பணியாளரின் தேசபக்தியைப் பாருங்கள் என்று பாதுகாப்பு அதிகாரி பக்கத்து ஆளிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

உகார்த்தே பேசினார். நம் நாட்டின் மிகச் சிறிய தொழிலாளிகள் இவர்கள் என்றார். இரவு பகல் பாராமல், ஓய்வு கேட்காமல், சங்கம் வைக்காமல் உழைக்கிறார்கள் என்றார். தொழிற்சங்கப் பிரதிநிதி தொண்டையைக் கனைத்தார். இது அறிவின் வெற்றி, தலைமையின் வெற்றி என்றார். நிக்கானோரின் ஆட்கள் கூடாரத்துக்கு வெளியே காற்றில் நின்றார்கள், கூடாரத்துக்குள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம்.

பிறகு நான் முன்னால் போய் வெப்பமானியைக் குழாய்க்குள் விட்டேன். விறைத்த காலோடு குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து விட்டேன். கயிறு வழக்கத்தைவிடச் சீக்கிரமே தளர்ந்தது. என் பை தடுக்கிறது என்று புரிந்தது. ஐந்து நிமிஷ மௌனம். உகார்த்தே கண்ணை மூடியிருந்தார். நிக்கானோர் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார், சவ அடக்கத்தில் நிற்பதுபோல.

வெப்பமானியை இழுத்துத் துணை அமைச்சர் அம்மாளிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் படித்தார்.

"முப்பத்தொன்று புள்ளி நான்கு."

காற்றுகூட நின்றதுபோல இருந்தது. எந்தக் குழாயிலும் எந்தக் கோடையிலும் அந்த எண்ணை நான் எழுதியதில்லை. நிக்கானோரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். உகார்த்தேயைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்க்கவில்லை. முதல்முறையாக அவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைதட்டல் வெடித்தது. கம்பெனித் தலைவர் ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு அழுதார். நிபுணர் ஒருவர் உடனே ஒலிபெருக்கியை வாங்கி, பனிக்கட்டியை அகற்றியதால் சூரிய வெளிச்சம் நேரடியாகப் படுகிறது, அதுதான் காரணம் என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாம் குவியல் மூடப்படாது என்று அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். வெளியே நின்ற பதினொரு பேரில் ஒருவன் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவனுடைய முதுகு குலுங்கியது. கூடாரத்திலிருந்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

விருந்தினர்கள் போன அரைமணி நேரத்தில் நிக்கானோரின் ஆட்கள் சுரண்டிய இடத்தில் மறுபடி கல்லைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பனிக்கட்டியைப் பிடிக்கவைத்தார்கள். யாரும் உத்தரவு கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஏழாம் குழாய் இருபத்திரண்டு, பதினான்கு, ஒன்பது என்று இறங்கி, மெதுவாக மறுபடி ஏறி, செப்டம்பரில் நிஜமான பதின்மூன்றுக்கு வந்தது. இறங்கிய எண்களையும் நான் நோட்டில் எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றோ உலகம் சுற்றியது. உகார்த்தே அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. பிறகு மாநாடுகள், வெண்கலப் பலகை. எங்கள் மலையைவிடக் குளிரான நாடுகளிலிருந்து, இதே வேலையைப் பதினைந்து டிகிரியில் செய்யவே திணறிக்கொண்டிருந்த மனிதர்கள் கடிதம் எழுதி, எப்படி என்று கேட்டார்கள். குழு உணர்வு என்று அவர் பதில் எழுதினார். அவருக்குத் தெரிந்தவரையில் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவருக்குத் தெரியாமலேயே அது உண்மை.

அக்டோபரில் அப்படிப்பட்ட ஒரு நாட்டிலிருந்து நாலு பேர் வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் தங்கள் சொந்த வெப்பமானியை ஏழாம் குழாயின் அடிவரை விட்டுப் பார்ப்பார்களாம். குழாயைச் சுத்தம் செய்யும்படி எனக்கும் நிக்கானோருக்கும் உத்தரவு.

"நீ போ கொம்பாத்ரே, நானே பாத்துக்கறேன்," என்றார் நிக்கானோர்.

"வேணாம், உங்களுக்கு முட்டி வலி. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு எப்ப முட்டி வலி வந்தது?"

"வரலாம்ல, வயசாகுது."

பத்து நிமிஷம் இப்படியே இரண்டு பேரும் ஒருவரையொருவர் அனுப்பப் பார்த்தோம். யாரும் போகிற வழியாக இல்லை. கடைசியில் கம்பிக் கொக்கியை இரண்டு பேருமாக இறக்கினோம்.

முதலில் மாட்டியது நிக்கானோரின் பை. அவருடைய மனைவி லாமா ரோமத்தில் பின்னிய தடித்த உறை, நான் நூறு முறை பார்த்தது. அவர் அதை வாங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "கீழ இன்னொண்ணு இருக்கு," என்றேன், தப்பித்துக்கொள்ளும் குரலில்.

இரண்டாவதாக வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததில்லை. வெளிர்நீல உறை. மேலே முயல் காது இரண்டு, அதில் ஒன்றை மடித்துத் தைத்திருந்தது. பல வருஷப் பழசு, ஓரங்கள் நைந்திருந்தன. நடுவில் மஞ்சள் நூலில் 'பல்த்தி' என்று பின்னியிருந்தது. பல்தசார் உகார்த்தேயைச் சின்ன வயதில் வீட்டில் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்.

நிக்கானோர் அதை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பேன் என்று நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் விழாவன்று காலையில் இந்தப் பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தனியாக இந்த ஏற்றம் ஏறியிருக்கிறார். காவலர்களை வைத்தது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. பின்னால் செனோபியாவிடம் கேட்டேன். "மூணு பேருமே வயித்து வலின்னுதான் சொன்னீங்க," என்றாள். "இஞ்சினியர் மட்டும் நன்றின்னு சொன்னார்."

நிக்கானோர் அந்த உறையைத் துவைத்துக் காயவைத்து, பழுப்புக் காகித உறையில் போட்டு உகார்த்தேயின் மேசையில் வைத்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் முதல் தேதி படையலுக்கு மஞ்சள் நாடா வரவில்லை. குழியருகே யாரோ ஒரு போத்தல் நிஜச் சாராயத்தைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். முன்பக்கத்துப் பனிக்கட்டியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. மூன்றாம் குவியல் இன்னும் ஒன்பது வருஷம் செம்பு தந்தது. நிக்கானோரின் ஆட்கள் அத்தனை பேரும் அதுவரை அங்கேயே வேலை பார்த்தார்கள். கீழே இக்கிக்கேயில் நண்பர்களோடு உட்காரும்போதெல்லாம், மூன்றில் ஒரு பங்கு என் வேலைதான் என்று நான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

கொக்கியில் கடைசியாக வந்த பையைப் பற்றி மட்டும் அங்கே சொல்வதில்லை. அது கம்பெனிச் சின்னம் போட்டது, என்னுடையது. மற்ற இரண்டு பைகளும் தண்ணீரோடு கனமாக வந்தன. இது தட்டையாக வந்தது. நிக்கானோர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார், பிறகு என் வலது காலைப் பார்த்தார்.

மூடியை நான் சரியாகத் திருகவில்லை.